ஐந்தாம் கட்டளையில் மாமனுக்கு இடமில்லை

என் கூடப்பிறந்த ஒரே தங்கை எஸ்னாத்திக்கு, உன் அண்ணன் பிலிமோனி டோவாவிலிருந்து எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உன் வீட்டுக் கூரை ஒழுகாமலும், உன் சோளக் குதிரில் எலி புகாமலும், மாப்பிள்ளை லமேக்கின் முதுகுவலி இந்த வருஷமாவது அவரை மண்வெட்டி தூக்க விடும்படியாகவும் இருக்க வேண்டும் என்று இங்கே எல்லாரும் ஜெபிக்கிறோம். இங்கே நான், எலுபே, பிள்ளைகள் தியாமிகே, மயேசோ, இரண்டு ஆடுகள், அந்தச் செம்பட்டைச் சேவல் எல்லாரும் சுகம். சேவல் என்று எழுதிய பிறகுதான் ஞாபகம் வருகிறது, அது இப்போது இல்லை. அது ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இல்லை, தப்பு. உன் மகன் லிம்பானியை அறுவடை முடிந்ததும் என்னிடம் அனுப்பி வைப்பது பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இரண்டு வரி விஷயம், கடைசியில் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததை முதலில் உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

என் நிலைமை உனக்குத் தெரியாததல்ல. கல்யாணமான நாளிலிருந்து எலுபேயின் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறேன். வீடு கட்டியது நான், கதவு ஜன்னல் செய்து மாட்டியது நான், பிள்ளைகள் இரண்டும் என் மூக்கோடுதான் பிறந்திருக்கின்றன. ஆனாலும் நம் வழக்கப்படி பிள்ளைகள் அம்மாவின் குலம், அவர்களைப் பற்றி முடிவு சொல்கிற வாய் அம்மாவுடைய அண்ணனின் வாய். பல் வலித்தால் என்னிடம் வருவார்கள், பள்ளிக்கூடம் மாற்றுவதென்றால் மாமனைக் கேட்க வேண்டும். இதில் எனக்கு இத்தனை நாள் ஒரு குறையும் இருந்ததில்லை. நம் அப்பாவும் இப்படித்தான் இருந்தார், சாப்பிட்டார், போய்ச் சேர்ந்தார். ஆனால் இந்த முறை மழை ஓய்ந்த சமயத்தில் எலுபேயின் அண்ணன் சங்குலானி வந்து இறங்கினார். ஏரிக்கரையில், சலிமாவில், கருவாட்டுக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, உப்பு கொஞ்சம் கூட என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"அறுவடை முடிஞ்சதும் தியாமிகேயைக் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுக்காரிக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்குல்ல, கைக்கு உதவியா ஒரு பொண்ணு வேணும். கடையையும் அப்பப்போ பாத்துக்குவா."

"அவ அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதணுமே மச்சான், அதுல தேறினாத்தானே மேல்படிப்பு" என்றேன்.

"ஏன், சலிமாவுல பள்ளிக்கூடம் இல்லியா?"

இருக்கிறது. முதுகில் ஒரு குழந்தை, மார்பில் ஒரு குழந்தை என்று கட்டிக்கொண்டு எந்தப் பெண் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள் என்று கேட்க வாயெடுத்தேன். எலுபே என்னைப் பார்த்தாள். அண்ணன் சொல்லியாயிற்று, சாப்பிடுங்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தியாமிகே கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். எஸ்னாத்தி, அவள் வகுப்பில் முதல் பிள்ளை. நான் பலகையை அளந்து முடிப்பதற்குள் எத்தனை ஆணி வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் அன்றைக்கு எனக்கு உளி கையில் நிற்கவில்லை, செய்துகொண்டிருந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டையாகப் போய்விட்டது.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் சபையில் பிள்ளைகள் ஞாயிறு. போதகர் எழுந்து, "பள்ளிக்கூடச் சட்டை தைச்சுக் குடுத்துட்டா பெத்தவங்க கடமை முடிஞ்சுதா? வேதத்தை மதிக்கச் சொல்லிக் குடுத்தீங்களா? அது சொல்றதைக் கேட்டு நடக்கச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று எங்கள் வரிசையைப் பார்த்துக் கேட்டார். நான் வழக்கம்போல் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தேன். எலுபே அதைத் தூக்கம் என்பாள். பிறகு பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் ஒப்பித்தார்கள். ஐந்தாவது வந்தது. தகப்பனையும் தாயையும் மதித்து நட என்றார்கள். ஆறாவதற்குப் போய்விட்டார்கள். நான் விழித்துக்கொண்டேன். தகப்பன், தாய், அதோடு முடிந்துவிட்டதா? மாமன் எங்கே? முன்னால் இருந்தவருடைய பைபிளை அவர் கையிலிருந்தே எட்டிப் பிடுங்கிப் பார்த்தேன். தகப்பன் பெயர்தான் முதலில் இருக்கிறது. கீழே பத்தாவது கட்டளை வரைக்கும் விரலை வைத்துத் தேடினேன். பக்கத்து வீட்டுக்காரனுடைய மாட்டுக்கு அங்கே இடம் இருக்கிறது, கழுதைக்கு இடம் இருக்கிறது, மாமனுக்கு இல்லை. இத்தனை வருஷமாக நான் எந்தப் புத்தகத்தின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. என்னையறியாமல் "ஆமென்" என்று கத்திவிட்டேன். அந்த நேரத்தில் விபசாரம் செய்யாதே என்ற கட்டளை ஓடிக்கொண்டிருந்ததால் பெண்கள் வரிசை முழுவதும் திரும்பி எலுபேயை இரக்கத்தோடு பார்த்தது.

அன்று சாயங்காலமே பட்டறையில் வேத வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் பாதி செய்த கட்டிலில் உட்கார வைத்து, முதல் பாடம், வேதத்தை மதிப்பது என்றேன். கை கழுவாமல் அதைத் தொடக் கூடாது. எலுபேயின் கல்யாணத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். அதற்கு மேலே எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். எட்டு வயது மயேசோ அதை நெஞ்சில் எழுதிக்கொண்டான். மேசை மேல் வைத்தால் அதற்கு மேலே பரணில் சோளம் இருக்கிறது. பரணில் வைத்தால் அதற்கு மேலே உத்திரத்தில் கோழி தூங்குகிறது. கடைசியில், பட்டறை முற்றத்தில் தலைமையாசிரியருக்காக நான் செய்து நிறுத்தியிருந்த துணி அலமாரியின் உச்சியில், வானத்தைத் தவிர வேறு எதுவும் மேலே இல்லாத இடத்தில், ஏணி போட்டு ஏறி வைத்துவிட்டு வந்திருக்கிறான். மறுநாள் நான் ஆணி வாங்கப் போயிருந்தபோது தலைமையாசிரியருடைய மாட்டுவண்டி வந்து அலமாரியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் தலையெல்லாம் இழைப்புச் சுருளோடு, "என் பைபிள், என் பைபிள்" என்று கத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். வழியில் இருந்தவர்கள் எனக்கு ஊழியத்துக்கு அழைப்பு வந்துவிட்டது என்று நினைத்து வழிவிட்டு நின்றார்கள், யாரும் வண்டியை நிறுத்தவில்லை. தலைமையாசிரியர் அதற்குள் துணியைப் பிரித்து வாசிக்கவே ஆரம்பித்திருந்தார். "அலமாரிக் கதவு சரியா மூடலை பிலிமோனி. அதுக்கு சமாதானமா இதை வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார். பைபிளை வாங்கிக்கொண்டு, கதவை இழைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது பாடம் கீழ்ப்படிதல். எபேசியருக்கு எழுதின நிருபத்தில் ஒரு இடத்தைப் போதகர் எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். பிள்ளைகளே, பெற்றவர்கள் சொன்னதைக் கேட்டு நடங்கள் என்று கருத்து. அந்த இடத்தில் ஒரு மரச்சீவலைச் செருகி வைத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அதை எடுத்து, ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை உரக்க வாசிப்பேன், டப் என்று மூடுவேன். "இதுல பெத்தவங்கன்னா யாரு?" என்று கேட்பேன். "அப்பாவும் அம்மாவும்" என்பார்கள். "வேற யாராவது?" என்பேன். "வேற யாரும் இல்ல" என்பார்கள். எனக்குக் கேட்கவே இனிமையாக இருக்கும்.

எலுபே ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "தச்சுப் பட்டறை எப்போ வேதப் பள்ளிக்கூடமாச்சு? அந்தக் கட்டிலுக்கு ஆள் வந்து வந்து போறான்" என்றாள். அவள் சொன்ன நேரத்துக்கு அந்த ஆளே வந்துவிட்டான், கல்யாண மாப்பிள்ளை. நான் தொழில் வழக்கப்படி, "வெள்ளிக்கிழமை வாங்க, கட்டில் ரெடி" என்றேன். மயேசோ எழுந்து நின்று, "அப்பா, கட்டிலோட தலைமாட்டுப் பலகை இன்னும் மரமா காட்டுல நிக்குது" என்றான். அவனைப் பார்த்து முறைத்தேன். "பொய் சொல்லக் கூடாதுன்னு ஒம்பதாவதுல இருக்குப்பா" என்றான். எந்தத் தச்சனும் செய்யாத காரியமாக, அந்த வாரம் சொன்ன வெள்ளிக்கிழமையே கட்டிலைக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதோடு நின்றானா? எலுபே தண்ணீர் எடுத்து வரச் சொன்னால், "இது பைபிள்ல எந்த இடத்துலம்மா இருக்கு?" என்று கேட்டான். அவள் அகப்பையைத் தூக்கி இந்த இடத்தில் என்று காட்டினாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் எஸ்னாத்தி, தியாமிகே வேறு மாதிரி. அவள் எதுவும் கேட்கவில்லை. நான் டப் என்று மூடிய பிறகு பைபிளை வாங்கிக்கொண்டு போய் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து மேற்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். பார்த்தீர்களா என் பிள்ளையின் பக்தியை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அப்படியே மாமனுக்கு வேதத்தில் இடமில்லை என்பதையும் சொல்லிக்கொண்டேன். கருவாடு ஏற்றி வருகிற லாரிகள் சும்மா போவதில்லை, பேச்சையும் ஏற்றிக்கொண்டுதான் சலிமா போகின்றன.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீடு வந்தபோது சங்குலானி மச்சான் என் முற்றத்தில், நான் செய்த நாற்காலியில், உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு கூடை உசிபாப் பொடிமீன் கருவாடு, மடியில் ஒரு பைபிள். என்னுடையதைப் போல இரண்டு மடங்கு தடிமன், ஜிப் வைத்த தோல் உறை. அவர் கருவாடு விற்கிறவர் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். ஏரியில் காற்றடித்து மீன் படாத நாட்களில் மனிதர் கடையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை. வாசித்திருக்கிறார். எலுபே சேவலைப் பிடிக்கப் போனாள்.

சேவல் என்றால் அதன் இரைப்பை யாருக்கு என்பதுதான் நம் பக்கத்தில் பெரிய கேள்வி. வீட்டில் யார் பெரியவரோ அவர் தட்டில்தான் அது விழ வேண்டும். மச்சான் வருகிற நாளெல்லாம் அது அவருக்கு, நான் கழுத்தெலும்பைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பேன். இந்த முறை விடுவதில்லை என்று நான் முன்கூட்டியே ஒரு மரத்துண்டை இரைப்பையாக வைத்துப் பிள்ளைகளோடு ஒத்திகை பார்த்திருந்தேன். தியாமிகே முதலில் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இரைப்பையை என் முன்னால் வைக்க வேண்டும், அதை மச்சான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மச்சான் வந்த செய்தி கேட்டு அக்கம்பக்கத்தார் வேறு மாமரத்தடியில் வந்து கூடிவிட்டார்கள். தியாமிகே வந்தாள், மண்டியிட்டாள். எனக்கு ஒரு கையில், மாமனுக்கு ஒரு கையில், ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றினாள். இரைப்பை இருந்த கிண்ணத்தை எங்கள் இரண்டு பேருக்கும் சரியாக நடுவில் வைத்தாள். தச்சன் மகள், அளவு தப்பாது. மயேசோவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"எடுத்துக்குங்க மச்சான்" என்றேன் நான், கிண்ணத்தைத் தொடாமல்.

"அதெப்படி? நீங்கதான் இப்போ வேதத்துல இருக்கிறவரு. மாமனுக்குத்தான் அதுல இடமில்லையாமே" என்றார்.

"நான் சொல்லலை. மோசே எழுதி வச்சது."

"அப்படியா? மோசே இன்னும் என்னென்ன எழுதினாருன்னு பாப்போமா?" மச்சான் உறையின் ஜிப்பைச் சர்ரென்று திறந்தார். "ஆதியாகமம். ஆரம்பத்துலயே இருக்கு. ஆம்பளை தன் தகப்பனையும் தாயையும் விட்டுட்டு பொண்டாட்டியோட ஒட்டிக்கிட்டு இருப்பானாம். யார் யாரை விட்டுட்டு வந்தது மச்சான்? நீங்க வந்தீங்களா, எலுபே வந்தாளா? வீட்டோட மாப்பிள்ளையைப் பத்தி முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு. அதுக்கு நீங்க நல்லாவே கீழ்ப்படிஞ்சிருக்கீங்க."

மாமரத்தடி சிரித்தது. நான் என் பைபிளைப் பிரித்து மரச்சீவல் இருந்த இடத்தை வாசித்தேன், உரக்க. மச்சான் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரி. யாக்கோபு கதை தெரியுமா? அவனுக்கு ஆபத்து வந்தப்போ எங்கே போனான்? லாபான் வீட்டுக்கு. லாபான் யாரு? அம்மாவோட அண்ணன். மாமன். அனுப்பி வச்சது யாரு? அவன் அப்பன் ஈசாக்கு. மாமன் வீட்டுக்குப் போடான்னு பெத்த அப்பனே ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினான். தியாமிகேயை நீங்களும் அப்படி அனுப்பி வச்சா வேதப்படி நடந்த மாதிரி ஆச்சு" என்றார்.

எஸ்னாத்தி, நான் அவ்வளவு தூரம் வாசித்ததில்லை. கூட்டத்தில் எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். எலுபே அடுப்பங்கரை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாள். துடைக்கிறாள், துடைக்கிறாள், கை காய்ந்த பிறகும் துடைக்கிறாள். அவளும் மகளை அனுப்ப மனசில்லாமல்தான் நிற்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் பேச்சைத் தாண்ட முடியாமல் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். சரி, பிள்ளை போய்விட்டாள், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்து, தோற்றாலும் மரியாதையோடு தோற்போம் என்று கிண்ணத்தை மச்சான் பக்கம் தள்ளினேன். கிண்ணத்தில் குழம்பு மட்டும்தான் இருந்தது.

"நான்தான்" என்றான் மயேசோ, யாரும் கேட்பதற்கு முன்னால். "நீங்க ரெண்டு பேரும் வேணாம் வேணாம்னீங்க. ஆறிப்போகுதேன்னு சாப்பிட்டுட்டேன். பொய் சொல்லக் கூடாதுல்ல."

இந்த முறை மச்சானே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தியாமிகே வந்து எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் மண்டியிட்டாள். தலை குனிந்தபடிதான் பேசினாள், மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"யாக்கோபு மாமன் வீட்டுக்குப் போனான், சரி. அங்கே மாமன் அவனை ஏமாத்தி ஏமாத்தி வேலை வாங்கினாரு. சம்பளத்தை மாத்தி மாத்திப் பேசினாரு. கடைசியில அவன் சொல்லாமக் கொள்ளாம ஓடி வந்துட்டான். மாமன் பின்னாலேயே துரத்திட்டு வந்தாரு. நானும் அப்படித்தான் திரும்பி வரணுமா மாமா? சலிமாவுலேர்ந்து இவ்வளவு தூரம் ஓடணுமே."

மாமரத்தடியில் ஒருத்தர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் துள்ளி எழுந்து, "பாத்தீங்களா? இது யாரு சொல்லிக் குடுத்த வேதம்? நான்" என்றேன். தியாமிகே என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க தினமும் வாசிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழேயும் ஒண்ணு இருக்குப்பா. அதுக்கு முன்னாடியே நீங்க மூடிருவீங்க."

"அப்படி என்ன இருக்கு?" என்றார் மச்சான், மிகுந்த ஆவலோடு.

"தகப்பன்மாரே, பிள்ளைகளுக்குக் கோபம் வர்ற மாதிரி நடந்துக்காதீங்கன்னு இருக்கு மாமா" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "என்னை இரைப்பை வச்சு ஒத்திகை பார்க்கச் சொன்னப்போ எனக்கு ரொம்பக் கோபம் வந்துச்சு" என்றாள். "ரெண்டு பேரும் பைபிளைப் பிரிச்சீங்க. எனக்குப் பரீட்சை எழுதணுமான்னு ரெண்டு பேருமே கேக்கலை."

மச்சான் பைபிளை மூடினார், ஜிப்பை இழுத்தார், அது பாதியில் சிக்கிக்கொண்டது, அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். "எழுதணுமா?" என்று கேட்டார். "எழுதணும் மாமா" என்றாள். அவர் எலுபேயைப் பார்த்தார். எலுபே முதல் தடவையாக வாயைத் திறந்து, "எழுதட்டும் அண்ணே" என்றாள். அவ்வளவுதான். "சரி, எழுதட்டும். பெரிய லீவுக்கு மட்டும் வந்து பிள்ளைகளைப் பார்த்துட்டுப் போகட்டும்" என்றார் மச்சான்.

"அதுவரைக்கும் ரெட்டைப் பிள்ளைங்களை யாரு சுமக்கிறது?" என்று மரத்தடியிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"ஒண்ணை என் வீட்டுக்காரி கட்டிக்குவா. இன்னொண்ணை நான் கட்டிக்கிறேன். கருவாடு வாங்க வர்றவங்க சிரிச்சா ரெண்டு மீன் கூடப் போகும்" என்றார். தலைப்பிள்ளை பெற்ற பெண் மாதிரி முதுகில் குழந்தையோடு கடையில் நிற்கிற சங்குலானி மச்சானை நினைத்து ஊரே புரண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன். மச்சான் போகும்போது என் தோளில் கை போட்டு, "பிள்ளைக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க மச்சான், உங்களையும் மீறி" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆக, எஸ்னாத்தி, உன் அண்ணன் ஜெயித்துவிட்டான். எலுபே, "யாரு ஜெயிச்சது? ரெண்டு தடிமாடுங்களும் பன்னெண்டு வயசுப் பிள்ளைகிட்டத் தோத்துட்டு வந்தீங்க" என்கிறாள். சொல்லட்டும். என் மகள் என் வீட்டில் இருக்கிறாள், இப்போதுகூட ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கு அது போதும். நீயும் லமேக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு வேதத்தை மதிக்கவும் அதன்படி நடக்கவும் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுங்கள். அதனால் வருகிற நன்மையைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

இப்போது அந்த இரண்டு வரி விஷயம். பலகையின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். சோளம் அறுத்து முடித்ததும் லிம்பானியை இரண்டு சட்டை, ஒரு போர்வையோடு லாரியில் ஏற்றி அனுப்பிவிடு. தொழில் கற்றுக்கொள்ளட்டும். பள்ளிக்கூடம் இங்கேயும் இருக்கிறது. போன தடவை இதைச் சொன்னபோது மாப்பிள்ளை லமேக், யோசிக்கலாம் என்று என்னவோ முனகினார். இதில் அவர் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் உன் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறவர். லிம்பானிக்கு மாமன் நான். நான் சொல்லியாயிற்று.

உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் முத்தமும் லமேக்கின் முதுகுக்கு என் ஜெபமும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் நிலக்கடலையைக் குரங்கிலிருந்தும் காப்பாராக. எலுபே சொல்லச் சொன்னாள், கருவாடு கொஞ்சம் கட்டி வைத்திருக்கிறாளாம்.

உன் அண்ணன்,
பிலிமோனி

பின்குறிப்பு: என் எழுத்தில் பிழை இருக்கும் என்று தியாமிகேயிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன், உறையின் மேல் விலாசமும் அவளே எழுதட்டும் என்றேன். முழுக்க வாசித்தாள், அங்கங்கே திருத்தினாள். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மண்டியிட்டு, "அப்பா, லிம்பானிக்கு அப்பா இருக்காருல்ல?" என்று கேட்டாள். இருக்காரே, நல்லாத்தான் இருக்கார், முதுகுவலி மட்டும்தான் என்றேன். "அவரு வீட்டுல பைபிள் இருக்காப்பா?" என்றாள். கேட்டுவிட்டுக் கணக்குப் போடப் போய்விட்டாள். நான் பட்டறைக்குப் போய் ஒரே பலகையை இழைத்துக்கொண்டே இருந்தேன். எலுபே வந்து பார்த்து, "இதுல கதவு செய்யப் போறீங்களா, காத்தாடி செய்யப் போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். ஆகவே எஸ்னாத்தி, மேலே எழுதிய இரண்டு வரியையும் அடித்துவிடு. லிம்பானியை அனுப்ப வேண்டாம். அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று அவனையே கேளுங்கள். அவன் உங்களோடேயே இருந்து, படித்து, தகப்பன் சொல் கேட்டு வளரட்டும். இது அவனுடைய மாமன் என்ற முறையில் நான் எடுத்திருக்கிற முடிவு. இதில் லமேக் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிடு.